திரையில் வரைந்த லென்ஸ் கைக்கு வருமா?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, லென்ஸை வீட்டுக் கணினியிலேயே வடிவமைக்கலாம், கடை சாத்திய பிறகு நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். அது இப்படி மாட்டிவிடும் என்று நினைக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிற ஆளுக்கு வழக்கமாக வருவது 'கண்ணில் நீர் வடிகிறது, என்ன செய்யலாம்' வகைக் கடிதங்கள்தான் (டாக்டரிடம் போங்கள் என்பதுதான் அதற்கு எப்போதும் என் பதில்). இந்த மாதம் வந்ததில் முக்கால்வாசி லென்ஸ் வரைவது பற்றி. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்துச் சுருக்கி ஏழு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மென்பொருளை வைத்திருக்கிறீர்கள்? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?
– வாசகர், தைப்பிங்

வேண்டாம். பெரிய நிறுவனங்கள் வைத்திருப்பது ஜீமேக்ஸ், கோட்-வி இரண்டும்தான். அதன் உரிமத் தொகையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்கள் பேசாமல் ஒரு கார் வாங்கிக்கொள்ளலாம். ஓஸ்லோ என்ற மென்பொருளின் கல்விப் பதிப்பு இலவசம். 10 பரப்புக்கு மேல் ஏற்காது, அதனால் என்ன, ஒரு லென்ஸுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு பரப்பு, தனித்தனியாக மூன்று லென்ஸ் வைத்தாலும் ஆறுதானே ஆகிறது. 1893இல் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் கண்டுபிடித்த குக் டிரிப்லெட்டும் அதே மூன்று லென்ஸ், ஆறு பரப்புதான். அதை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்த்தாலே இந்தக் கலையில் பாதி புரிந்துவிடும். பைத்தான் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆப்டிலேண்ட், ரேஆப்டிக்ஸ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன, மூலக் குறியீட்டையும் திறந்து பார்க்கலாம்.

கணினி பழசாக இருந்தாலும் கவலை வேண்டாம். 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் முதல் முகப்பட லென்ஸைக் கணக்குப் போட்டபோது, ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த வீரர்களை அவருக்கு உதவியாக அனுப்பினார்கள். கதிர் எந்தப் பரப்பில் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிப் போட்ட கணக்கு. நம் மேசையில் இருக்கிற மடிக்கணினி, நாம் தே ஓ (பால் ஊற்றாத தேநீர்) ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் அதையெல்லாம் முடித்துவிடும்.

இலவச மென்பொருளில் மூன்று லென்ஸ் அமைப்பு ஒன்றை வடிவமைத்தேன். குவியத்தூரம் 100 மி.மீ., விட்டம் 50 மி.மீ. இரவு முழுக்க ஓடவிட்டதில் கதிர்கள் எல்லாம் 0.3 மைக்ரான் புள்ளிக்குள் வந்துவிட்டன. வடிவமைப்புக் கோப்பினையும் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடியில் செய்து வாங்க எவ்வளவு ஆகும்?
– கல்லூரி மாணவர், கோலகங்சார்

கோப்பைத் திறந்து பார்த்தேன், தம்பி. விலை விசாரிப்பதற்கு முன்னால் இரண்டாவது லென்ஸின் ஓரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பரப்பும் பின்பரப்பும் விளிம்புக்குப் போய்ச் சேரும் முன்பே ஒன்றையொன்று வெட்டித் தாண்டிப் போகின்றன. ஓரத் தடிமன் மைனஸ் 0.8 மி.மீ. என்று மென்பொருளே அட்டவணையில் எழுதிவைத்திருக்கிறது, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மைனஸ் தடிமனில் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற பட்டறை இந்த உலகத்தில் கிடையாது.

அப்புறம் அந்த 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 100க்கு 50 என்றால் எஃப்/2, அதாவது குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருகிற எண். ஒளி ஓர் அலை என்பதால் எஃப்/2 லென்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மஞ்சள் ஒளியைச் சுமார் 2.9 மைக்ரான் அகலமுள்ள புள்ளியாகத்தான் குவிக்கும். கதிர்களைக் கோடாக வரைந்து கணக்குப் போடுகிற படத்துக்கு அலை என்றால் என்னவென்றே தெரியாது, அதனால்தான் அது தாராளமாக 0.3 என்று சொல்லிவிட்டது. புள்ளி 2.9க்குள் வந்ததும் எழுந்து போய்த் தூங்கியிருக்கலாம்.

மென்பொருளைத் திட்ட வேண்டாம். கேட்டதைத்தான் அது செய்தது. நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு நிறம், நேராக வருகிற கதிர் மட்டும், தடிமனுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எது எது தப்பானால் எவ்வளவு தண்டம் என்று நாம் எழுதிக் கொடுக்கிற பட்டியலை மெரிட் ஃபங்ஷன் என்பார்கள். கணினி இரவெல்லாம் உழைப்பது அந்தத் தண்டத்தைக் குறைக்கத்தான், பட்டியலில் இல்லாத குற்றத்தை அது கண்டுகொள்ளாது. முதலில் மூன்று நிறங்களைப் போடுங்கள்: நீலம் 486, மஞ்சள் 588, சிவப்பு 656 நானோமீட்டர். நடுவிலிருந்து வருகிற கதிர், பட ஓரத்துக்குப் போகிற கதிர், இடையில் ஒன்று என்று மூன்று கோணங்கள். ஓரத் தடிமன் 2 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, நடுத் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று இரண்டு வரி. இவ்வளவையும் போட்டதும் உங்கள் அழகான புள்ளி பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிடும், பயப்படாதீர்கள், அங்கிருந்துதான் உண்மையான வேலையே தொடங்குகிறது.

மூன்று லென்ஸை விட்டுவிட்டு இரண்டில் தொடங்குங்கள் என்பேன். எஃப்/2 வேண்டாம், எஃப்/8 போதும். என் முதல் வேலையும் அதுதான்: 500 மி.மீ. குவியத்தூரம், 60 மி.மீ. விட்டம், சின்னத் தொலைநோக்கிக்கு. ஒற்றை லென்ஸாகச் செய்தால் நீலம் குவிகிற இடத்துக்கும் சிவப்பு குவிகிற இடத்துக்கும் கிட்டத்தட்ட 8 மி.மீ. வித்தியாசம் வரும். நிலாவைப் பார்த்தால் ஊதா விளிம்பு கட்டிய தோசை மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்ய இரண்டு வகைக் கண்ணாடி வேண்டும். நிறங்களை எந்த அளவுக்குப் பிரித்துவிடும் என்பதற்கு அப்பே எண் என்று ஓர் அளவு உண்டு. பிகே7 என்ற வகைக் கண்ணாடிக்கு அது 64.2, எஃப்2 என்ற வகைக் கண்ணாடிக்கு (மேலே சொன்ன எஃப்/2 வேறு) 36.4, எண் குறையக் குறைய நிறம் அதிகமாகப் பிரியும். இரண்டுக்கும் வித்தியாசம் 27.8. 500ஐ 27.8ஆல் பெருக்கி 64.2ஆல் வகுத்தால் ஏறக்குறைய 217, அது குவிலென்ஸின் குவியத்தூரம். அந்தப் பெருக்குத் தொகையையே 36.4ஆல் வகுத்தால் 382, அது குழிலென்ஸுக்கு. குவிலென்ஸின் இரண்டு பக்கமும் 224 மி.மீ. ஆரம், குழிலென்ஸ் அதோடு ஒட்டி உட்காருகிற பக்கமும் அதே 224, கடைசிப் பக்கம் கிட்டத்தட்ட தட்டை. கணினியைத் திறக்காமல் இவ்வளவும் தாளிலேயே போட்டுவிடலாம். இதைக் கொண்டுபோய் மென்பொருளில் கொடுத்தால் 8 மி.மீ. இருந்த பிசகு கால் மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், மீதியை அது செதுக்கிக்கொள்ளும்.

தாள் கணக்கில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேட்டுச் செம்பனைத் தோட்டத்தில் குலை விழும்போது உதிரிப் பழம் எப்படி உருளும் என்று பார்த்திருப்பீர்கள். சரிவில் கிடைத்த முதல் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அடிவாரம் வரை வராது. மென்பொருளும் அதே மாதிரிதான். தண்டம் எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் உருளும், முதல் குழியில் நின்று 'இதுதான் ஆகச் சிறந்தது' என்று சொல்லிவிடும். எந்த மேட்டிலிருந்து உருட்டிவிடுகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டியவர்கள் சிரிக்கலாம். மென்பொருளில் ஒரு பரப்பின் வளைவு மையம் வலப்பக்கம் இருந்தால் ஆரம் பிளஸ், இடப்பக்கம் இருந்தால் மைனஸ். இரண்டு பக்கமும் புடைத்த குவிலென்ஸுக்கு முன்பக்கம் பிளஸ் 224, பின்பக்கம் மைனஸ் 224 என்று வரும். வெளிநாட்டுப் பட்டறைக்கு அனுப்பிய படத்தில் அந்த மைனஸை நான் விட்டுவிட்டேன். 'புடைப்பு' 'குழிவு' என்று வார்த்தையிலாவது எழுதியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பொட்டலம் வந்தது. கடையில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போதே பிரித்தேன். பஞ்சுக்குள்ளிருந்து எடுத்த லென்ஸ் அப்படி ஒரு பளபளப்பு, ஓரமெல்லாம் மழமழவென்று. கீழே கிடந்த நாளிதழின் மேல் வைத்தேன். எழுத்து பெரிதாகவில்லை. உயர்த்திப் பிடித்தேன், பெரிதாகவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், எதிர்க்கடைப் பெயர்ப்பலகை தலைகீழாகாமல் சாதாரணமாக நின்றது. ஒரு பக்கம் எவ்வளவு புடைப்போ மறுபக்கம் அவ்வளவு குழிவு, ஒன்று குவித்ததை மற்றது கலைத்துவிட்டது. கைக்கடிகாரத்தின் வளைந்த மூடிக்கண்ணாடி எப்படியோ அப்படி. நான் வரைந்ததை அவர்கள் அச்சுப் பிசகாமல் செய்து அனுப்பியிருந்தார்கள், யாரைக் கேட்பது? அது இன்றும் என் பில் புத்தகத்தின் மேல் காகிதக் கனமாக உட்கார்ந்திருக்கிறது, ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிக் கனம்.

சரி, விலைக்கு வருவோம். தனியாக ஒரு லென்ஸுக்கு நாம் கொடுப்பது கண்ணாடிக்கான காசு இல்லை. கருவியைத் தயார்செய்யும் கூலி. அதனால் ஒன்று செய்தாலும் ஐந்து செய்தாலும் மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசம் இருக்காது. குறைக்க ஒரு வழி உண்டு. பட்டறைகளிடம் பரப்பின் வளைவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் ஏற்கனவே வைத்திருக்கிற அளவுத் தட்டுகளின் பட்டியல் இருக்கும், டெஸ்ட் பிளேட் பட்டியல் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆரம் 223.87 என்று வந்து அவர்களிடம் 221.4 இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு மற்றப் பரப்புகளை மறுபடி ஓடவிடுங்கள். புதிதாக ஒரு தட்டுச் செய்கிற செலவு மிச்சம். கடைசியாக டாலரன்ஸ் கணக்கு: ஆரத்தில் இவ்வளவு பிசகு, தடிமனில் இவ்வளவு, சாய்வில் இவ்வளவு என்று கொடுத்தால் மென்பொருள் அந்தப் பிசகுகளைத் தாறுமாறாகக் கலந்து ஐந்நூறு கற்பனை லென்ஸ் செய்து காட்டும். அதில் நானூறு லென்ஸாவது தேறவில்லை என்றால் வடிவமைப்பு இன்னும் திரைக்கு மட்டும்தான் லாயக்கு. இதை முடித்துவிட்டு மறுபடியும் கோப்பினை அனுப்புங்கள், விலையை அப்போது பேசலாம்.

செம்பனை ஓலையில் தொங்கும் உலாட் புங்குஸ் புழுவை மாணவர்களுக்குப் பெரிதாகக் காட்ட வேண்டும். கைப்பேசி கேமராவில் மாட்டுகிற மாதிரி ஒரு லென்ஸ் நாமே வடிவமைக்க முடியுமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பாகான் செராய்

முடியும் டீச்சர், ஆனால் புதிதாக எதையும் வரைய வேண்டாம். எட்மண்ட், தோர்லேப்ஸ் போன்றவர்கள் ஆயத்த லென்ஸ்களைப் பட்டியல் போட்டு விற்கிறார்கள், ஒவ்வொன்றின் அளவும் மென்பொருள் கோப்பாகவே அவர்கள் தளத்தில் கிடைக்கிறது. அதை இறக்கித் திரையில் அடுக்கிப் பார்த்து, எது தேறுகிறதோ அதை மட்டும் வாங்கினால் போதும். என்னைக் கேட்டால் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு இந்த மென்பொருளால் கிடைக்கிற பெரிய லாபமே இதுதான்: வாங்கிப் பார்த்து ஏமாறுவதைத் திரையிலேயே ஏமாந்துகொள்ளலாம்.

உங்களுக்கான கணக்கு சின்னது. கைப்பேசி லென்ஸின் உண்மையான குவியத்தூரம் சுமார் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 25 மி.மீ. லென்ஸை மாட்டினால் புழுவின் உருவம் உணரியில் (கேமராவுக்குள் படம் விழுகிற சில்லு) ஐந்தில் ஒரு பங்கு அளவில் விழும். உணரி 6 மி.மீ. அகலம் என்றால் திரை முழுக்க வருவது ஓலையில் 30 மி.மீ. அகலம். கூடும் அதைக் கட்டிக்கொண்டு தொங்குகிற புழுவும் அரித்த ஓட்டையும் ஒரே படத்தில் அடங்கிவிடும். ஒற்றையாக 25 மி.மீ. குவிலென்ஸ் வைத்தால் நடுவில் தெளிவு, ஓரத்தில் சேறு. அதற்குப் பதிலாக ஒரு பக்கம் தட்டையாக இருக்கிற 50 மி.மீ. லென்ஸ் இரண்டை வாங்கி, புடைத்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டு வையுங்கள். சேர்ந்து 25 ஆகிவிடும், கதிரைத் திருப்புகிற வேலை நான்கு பரப்பில் பங்கு பிரிவதால் ஓரமும் தெளியும். மென்பொருளில் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் புள்ளி எப்படி ஊதிப்போகிறது என்று மாணவர்களுக்கே காட்டலாம், பாடத்தில் எழுதிப்போடுவதைவிட அது மனத்தில் நிற்கும்.

காசே செலவில்லாத வழியும் இருக்கிறது. உடைந்த பழைய கைப்பேசியின் கேமரா லென்ஸைப் பிரித்து, உங்கள் கைப்பேசி லென்ஸுக்கு முன்னால் தலைமாற்றி வைத்தால் உருவம் ஒன்றுக்கு ஒன்று அளவில் விழும். புழுவின் மயிர்க்கால் வரை தெரியும். ஆனால் லென்ஸுக்கும் புழுவுக்கும் இடைவெளி ஓரிரு மி.மீ.தான் இருக்கும், அது கொஞ்சம் நகர்ந்தாலே மோதிக்கொள்ளும். வெளிச்சமும் உள்ளே போகாது, ஓலைக்குப் பின்னாலிருந்து டார்ச் அடிக்க வேண்டியிருக்கும்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் லென்ஸ் அடிக்கலாமா?
– வாசகர், ஈப்போ

டார்ச் லைட்டுக்கு அடிக்கலாம், படம் பிடிக்க ஆகாது. இயந்திரம் போடுகிற ஒரு படலம் 0.05 மி.மீ. என்றால் அது ஒளியின் அலைநீளத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. அந்தப் படிக்கட்டை எவ்வளவு தேய்த்தாலும், பிசினில் முக்கி எடுத்தாலும் வெளிச்சம் போகும், எழுத்து மங்கும். லென்ஸைப் பிடித்து வைக்கிற குழாய், வளையம், மூடி எல்லாம் அதில் அடியுங்கள். நான் அதற்குத்தான் வைத்திருக்கிறேன்.

நான் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். கை வேலை நன்றாக வரும். வடிவமைத்த லென்ஸை வீட்டிலேயே தேய்த்து எடுக்க முடியாதா?
– வாசகர், சுங்கை சிப்புட்

நம்ம ஊர்க்காரர், ஒரு நாள் கடைக்கு வாருங்கள், நேரில் காட்டுகிறேன். தேய்ப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது, முடிப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கஷ்டம்.

இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் போட்டு, முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தால் மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது புடைக்கும். இரண்டும் தானாகவே கோள வடிவத்துக்கு வந்துவிடும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும், எப்படித் திருப்பினாலும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிற வளைவு கோளம் ஒன்றுதான், மேடாக இருக்கிற இடமெல்லாம் தேய்ந்து தேய்ந்து கடைசியில் அதில்தான் போய் நிற்கும். எந்த இயந்திரமும் இல்லாமல் கை இவ்வளவு துல்லியமாகச் செய்கிற வேலை வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. 80ஆம் நம்பர் தூளில் தொடங்கி 120, 220, 320, 500 என்று நைசாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் கண்ணாடி, வாளி, மேசை, நகக்கண் எல்லாவற்றையும் கழுவ வேண்டும், 80ஆம் நம்பரில் ஒரே ஒரு துகள் தங்கினால் பளபளப்பாக்கும்போது கீறிவிடும். கடைசியில் கீல் ஊற்றிய தட்டில் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகு. நம் ஊர் வெயிலில் கீல் இளகிப் படுத்துவிடும், கெட்டியான வகையைக் கேட்டு வாங்குங்கள், விடியற்காலையில் மெருகு போடுங்கள்.

இதில் லென்ஸுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அச்சில் நிற்க வேண்டும். 60 மி.மீ. லென்ஸில் ஓரத் தடிமன் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் 0.05 மி.மீ. வேறுபட்டாலே சாய்வு 3 நிமிடக் கோணம் ஆகிவிடும், நட்சத்திரம் ஒரு பக்கம் வானவில் வால் முளைத்து நிற்கும். உங்களிடம் மைக்ரோமீட்டர் இருக்கும், வால்வு அளக்கிற அதே கருவிதான், சுற்றிச் சுற்றி எட்டு இடத்தில் அளந்து, தடித்த பக்கத்தில் கை அழுத்தம் கொடுத்துத் தேய்க்க வேண்டும். இரட்டை லென்ஸ் என்றால் மொத்தம் நான்கு பரப்பு, நான்கு முறை இந்தக் கூத்து.

அதனால் முதலில் கண்ணாடி ஆடி ஒன்றைச் செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை. தொலைநோக்கிக்கான 150 மி.மீ. ஆடி, குவியத்தூரம் 1200. ஒரே ஒரு பரப்பு, பின்பக்கம் எப்படி இருந்தாலும் கேட்பாரில்லை, நிறப்பிசகு என்ற பேச்சே இல்லை. நடுவில் தோண்ட வேண்டிய ஆழம் 1.2 மி.மீ.கூட இல்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: ஆடியின் பரப்பில் ஒரு பிசகு இருந்தால் அது லென்ஸ் பரப்பில் உள்ள பிசகைப் போல நான்கு மடங்கு படத்தைக் கெடுக்கும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. 1858இல் பிரான்சின் ஃபூக்கோ சொல்லிக் கொடுத்தது, ஒரு சின்ன விளக்கும் சவர பிளேடும் போதும். பிளேடின் விளிம்பு கதிர்களை வெட்டும்போது ஆடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். லென்ஸுக்கு அவ்வளவு சுலபமான சோதனை கிடையாது.

மனைவிக்குத் தடித்த கண்ணாடி. இந்த மென்பொருளை வைத்து மெல்லிய லென்ஸாக நாமே வடிவமைத்துச் செய்து போடலாமா?
– வாசகர், பீடோர்

கூடாது. இது பொழுதுபோக்கில் சேராது. நம் மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டம் இருக்கிறது, கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்பதற்குப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். தவிர, கேமரா லென்ஸுக்குப் பின்னால் உணரி ஆடாமல் நிற்கும், மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண் உருண்டுகொண்டே இருக்கும், கணக்கே வேறு. மெல்லிசாக வேண்டும் என்றால் கடையில் ஒளிவிலகல் எண் 1.67 அல்லது 1.74 உள்ள பிளாஸ்டிக்கைக் கேளுங்கள் (சாதாரண வகை 1.50). மெல்லிசாக ஆக நிறம் பிரிவதும் கூடும், ஓரத்தில் பார்க்கும்போது எழுத்துக்கு நிற விளிம்பு தெரிகிறது என்று சிலர் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு நான் 1.60ஐத்தான் சொல்வேன். உங்கள் மனைவியை வட்டமாக, சின்னதாக ஒரு பிரேம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தடிமன் அதிலேயே நன்றாகக் குறையும்.

அறுபதுகளில் அப்பா எடுத்த தோட்டத்துப் படங்களின் நெகட்டிவ் சுருள்கள் ஒரு மைலோ டின் நிறைய இருக்கின்றன. காலையில் ஆள்கணக்கு எடுக்கப் பெரட்டு நிற்பது, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை, லயத்துத் திருவிழா எல்லாம் இருக்கிறது. அந்தத் தோட்டமே இப்போது இல்லை. இவற்றைத் தெளிவாகப் பிரதி எடுக்கத் தனியாக ஒரு லென்ஸ் வடிவமைத்துத் தர முடியுமா? செலவைப் பற்றிக் கவலை இல்லை.
– ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

ஐயா, ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்தும் பார்த்துவிட்டேன். நெகட்டிவை அதே அளவில், ஒன்றுக்கு ஒன்றாகப் பிரதி எடுப்பது லென்ஸ் வடிவமைப்பவனுக்கு ஒரு வரம். நடுவில் ஒளித்துளையை வைத்து அதற்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ அதையே கண்ணாடியில் பார்த்த மாதிரி அந்தப் பக்கமும் வைத்தால், கோடு வளைவது, ஓரப் புள்ளிக்கு வால் முளைப்பது, ஓரத்தில் நிறம் விலகுவது என்ற மூன்று குற்றமும் தாமாகவே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். கொட்டகைத் தூண் நேராகத் தூணாகவே நிற்கும். பாதி லென்ஸை வரைந்தால் மீதி இலவசம் என்று சொல்லலாம்.

ஆனாலும் உங்கள் காசை வாங்கி இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இருட்டறைக் காலத்தில் படம் பெரிதாக்கப் பயன்படுத்திய என்லார்ஜர் லென்ஸ்கள் தட்டையான நெகட்டிவை ஓரம் வரை தெளிவாகக் காட்டுவதற்கென்றே வடிவமைத்தவை. 50 மி.மீ.யில் பழசாக நிறையக் கிடைக்கின்றன, நான் திரையில் வரைந்ததைவிட நன்றாகவும் இருக்கின்றன. எஃப்/8 பக்கம் வைத்து எடுத்தால் 35 மி.மீ. நெகட்டிவின் நான்கு மூலையும் தெளியும். வாங்கும்போது டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பத்தில் நாலைந்து அப்படித்தான் இருக்கும். கேமராவும் பொருத்துகிற வளையமும் என்னிடம் இருக்கின்றன.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்றைக்கே அந்த டின்னைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அந்தக் காலத்துச் சுருள்களில் பெரும்பாலானவை அசிட்டேட் பிலிம். மூடிய டின்னுக்குள் ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதையத் தொடங்கி அசிட்டிக் அமிலத்தை விடும், வினிகர் வாசம் அடிக்கும். ஒரு சுருள் தொடங்கினால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். வாசம் இல்லை என்றால் காகித உறைகளில் பிரித்துப்போட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், லென்ஸ் வரட்டும், நிதானமாகச் செய்யலாம். வாசம் அடித்தால் எந்த லென்ஸுக்கும் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள்தான். டின்னோடு வந்துவிடுங்கள், வெள்ளைத் திரையில் வைத்துக் கைப்பேசியாலேயே எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிடுவோம். பெரட்டில் நிற்பவர்கள் யார் யார் என்று நீங்கள் பெயர் சொல்லிக்கொண்டே வாருங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.